சைக்கிளுக்கு வெள்ளை நாடா

நிறமுள்ள துணி எதைக் கையில் கொடுத்தாலும் ஒச்சம்மாள் அதை உடனே விரித்துப் பார்க்க மாட்டாள். கட்டைவிரலை நாக்கில் தொட்டு, துணியின் ஓரத்தில் அழுத்தி ஒரு தேய் தேய்ப்பாள். பிறகு அந்த விரலைத் தன் கைக்குட்டையில் ஒற்றி, சாயம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். அதற்கப்புறம்தான் துணி அழகா இல்லையா என்ற பேச்சே. பல வருஷமாக இப்படித்தான். ஒரு கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு வைத்துக் கொடுத்த ஜாக்கெட் துணியையும் அங்கேயே நின்று அப்படித் தேய்த்தாள். கொடுத்த அம்மாளின் முகம் சுண்டிப் போயிற்று. பக்கத்து வீட்டு விஜயராணி, மகளுக்கு எடுத்த சிவப்புப் பாவாடையைக் காட்ட வரும்போதே, "யக்கோவ், எச்சி தொடாமச் சொல்லு, நல்லாருக்கா?" என்று கேட்டுக்கொண்டுதான் வந்தாள்.

செக்கிங் வேலை பார்த்துப் பார்த்து வந்த புத்தி என்று லைன் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. செக்கிங் மேசைக்கு வருகிற சட்டையை யாரும் எச்சில் தொட்டுத் தேய்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தை அவளுக்குக் கொடுத்தது ஒரு சைக்கிள்.

ஒச்சம்மாளுக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். புருஷனோடு திருப்பூருக்கு வந்தவள். வந்த கொஞ்ச காலத்தில் அவன் ஏலத்தோட்ட வேலை என்று கம்பம் பக்கம் போனான். போனவன் போனவன்தான். "தேடலையா?" என்று கேட்டவர்களிடம், "தொலைச்சவுகதான தேடணும்" என்று சொல்லிவிட்டாள். நெருப்பெரிச்சலில் லைன் வீடு ஒன்றில் தனியாக இருந்துகொண்டாள். பெருமாநல்லூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையைப் புரட்டிப் பார்த்து, பிசிறு நூலை வெட்டி, ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் இருந்தால் ஒதுக்க வேண்டும். சரியாக இருந்தால் தன் நம்பர் போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டி அயர்ன் பக்கம் தள்ள வேண்டும்.

கம்பெனி வேன் காலையில் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும். ராத்திரி கொண்டுவந்து கொட்டும். ஒரு ஷிப்ட் சாயங்காலம் ஐந்தரையோடு முடிகிறது. ஆனால் ஐந்தரைக்குக் கிளம்புகிறேன் என்று சொல்கிறவரைத் திருப்பூரில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். எட்டரை வரைக்கும் நின்றால் ஒன்றரை ஷிப்ட். சரக்கு அனுப்பும் ஷிப்மென்ட் நாள் நெருங்கிவிட்டால் அதற்கும் மேலே. வேன் ஒன்றரை ஷிப்ட் முடியாமல் நகராது. ஆகவே நிற்கிறாயா, போகிறாயா என்று யாரும் யாரையும் கேட்பதே இல்லை. வேன் நிற்கும், அதற்காக ஆட்களும் நிற்பார்கள்.

ஒரு மாசி மாதம் ஒச்சம்மாளுக்கு வேலையிலேயே காய்ச்சல் கண்டது. ஐந்தரைக்கு எழுந்தாள். டவுன் பஸ் ஏற அரைமணி நடக்க வேண்டும், நடக்க முடியவில்லை. போய் வேனில் படுத்துக்கொண்டாள். பூட்டிய ஜன்னல், சூடேறிய ரெக்சின் சீட், டீசல் நாற்றம். டிரைவர் வந்து எட்டிப் பார்த்து, "எல்லாரும் வந்தாத்தானுங்க வண்டி எடுக்க முடியும்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அன்றைக்கு ஷிப்மென்ட். எல்லோரும் வந்து சேர்ந்தபோது ஊர் அடங்கியிருந்தது. அவ்வளவு நேரமும் அவள் அந்த சீட்டில் கிடந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. அவளுக்குக் கிளம்ப வழியில்லை, அவ்வளவுதான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

காய்ச்சல் விட்ட ஞாயிற்றுக்கிழமை போயம்பாளையத்தில் சின்னானின் பழைய சைக்கிள் கடைக்குப் போனாள். லேடீஸ் சைக்கிள் எல்லாம் விற்றுப் போயிருந்தது. சுவரில் ஒன்று தொங்கியது. மெலிந்த டயர், நடுவில் குறுக்குக் கம்பி, கிடாய்க் கொம்பு மாதிரி முன்னால் போய்க் கீழே வளைந்து இறங்கும் ஹேண்டில்பார்.

"அது ரேஸ் சைக்கிளுங்க. காலேஜ் பசங்க ஓட்டறது" என்றான் சின்னான்.

"பசங்களுக்கே வித்திருக்கலாமே. எதுக்குச் செவுத்துல மாட்டி வச்சிருக்கீக?"

"பசங்கெல்லாம் இப்ப பைக் கேக்கறானுங்க."

"அப்ப அதுவும் என்னைய மாதிரிதான். எறக்குங்க, பாப்போம்."

தூக்கிப் பார்த்தாள். ஒரு கையில் தூக்க முடிந்தது. அது போதும் என்றிருந்தது அவளுக்கு. சின்ன வயதில் வாடகை சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றதுதான்; கடைக்கு முன்னால் இரண்டு தடவை தடுமாறிவிட்டு மூன்றாவது தடவை ரோட்டுக்கே போய்விட்டாள். குறுக்குக் கம்பிக்குச் சேலை ஒத்துவராது. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாகச் சுடிதார் வாங்கினாள். லைன் வீட்டில் இரண்டு நாள் அதைத்தான் பேசினார்கள். மூன்றாம் நாள் தண்ணீர் வரவில்லை, அதைப் பேசப் போய்விட்டார்கள்.

வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டாவை எடுத்துவிட்டார்கள், இனி ஆர்டர் மழையாகக் கொட்டும் என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. எல்லா கம்பெனியிலும் ஆட்கள் நேரம் காலம் இல்லாமல் நின்றார்கள். அந்த வருஷத்தில்தான் ஒச்சம்மாள் ஐந்தரைக்கு நூல் வெட்டும் கட்டரைக் கீழே வைத்துவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு, ரேஸ் சைக்கிளில் ஏறிக் கிளம்பத் தொடங்கினாள். சம்பளம் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் வந்தது. தெரிந்தேதான் செய்தாள்.

"அப்படி ஊட்டுல என்னங்க அவசரம்?" என்று சூப்பர்வைசர் பழனிமுத்து கேட்டார். வெள்ளைச் சட்டை கசங்காமல் நாள் முழுக்க நடக்கிற மனிதர். கொங்கு நாட்டுக்காரர், திட்டும்போதும் 'ங்க' குறையாது. வந்த புதிதில் ஒச்சம்மாளுக்கு அவர் திட்டுகிறாரா, விருந்துக்குக் கூப்பிடுகிறாரா என்றே பிடிபடவில்லை.

"அவசரம் ஒண்ணுமில்லண்ணே."

"கொழந்தைக்கு ஒடம்பு சரியில்லீங்களா?"

"புள்ளையே இல்ல."

"பின்னெ எதுக்குங்க போறீங்க?"

"ஷிப்ட் முடிஞ்சிருச்சு, போறேன்."

ஏதாவது ஒரு காரணம் சொல்லியிருந்தால் அவர் விட்டிருப்பார். நோய் என்று சொல்லலாம், வயதான மாமியார் என்று சொல்லலாம். அந்த செக்கிங் பிரிவில் அப்படிச் சொல்லி அவ்வப்போது கிளம்புகிறவர்கள் உண்டு. ஒச்சம்மாள் சொல்ல மறுத்தாள். அதனால் மற்றவர்களே அவளுக்காகக் காரணங்களைத் தயாரித்தார்கள். யாரோ ஓர் ஆள் இருக்கிறான் என்றார்கள். வட்டிக்கு விடுகிறாள் என்றார்கள். அடுத்த இருக்கையில் வேலை பார்க்கும் ஆஷா, நாங்குநேரிப் பக்கத்துப் பெண், ஒருநாள் மெதுவாகவே கேட்டாள்.

"யக்கா, உண்மையச் சொல்லுங்க. அப்படிப் போயி என்னதான் செய்யுதிய?"

"குளிப்பேன். சோறு வைப்பேன். கதவத் தெறந்து வச்சுட்டு உக்காந்திருப்பேன்."

"அதுக்கா?"

"ஏன், அது பத்தாதா?"

அது உண்மைதான். வெளிச்சம் இருக்கும்போதே குளிப்பது அந்த லைன் வீட்டில் அவள் ஒருத்திதான். குளித்து, ஈரத் தலையோடு வாசற்படியில் உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்களைப் பார்ப்பாள். சில நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாவிபாளையம் பக்கம் சும்மா போய்விட்டு வருவாள். வேறு ஒன்றும் கிடையாது.

பழனிமுத்துவுக்கு அவளால் ஓர் உபயோகமும் இருந்தது. சட்டைகளை வாங்குகிற வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் பார்க்க ஆட்கள் வருவார்கள். அன்றைக்கு எல்லோரும் ஒரு ஷிப்ட்தான் வேலை செய்கிறோம் என்று சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கும். அந்த ஒருநாள் மட்டும் பழனிமுத்து, "ஒச்சம்மா, நீங்க முன்னால வந்து நில்லுங்க" என்று அவளைத் தேடிப் பிடித்து நிறுத்துவார். அவள் ஒருத்திதான் தடுமாறாமல் சொல்வாள். மறுநாளே, "ஏனுங்க, இன்னிக்காவது நிக்கறீங்களா?" என்று பழைய கதைக்குத் திரும்பிவிடுவார்.

சைக்கிளில் ஒரே குறை, பிடிதான். ஹேண்டில்பாரில் முன்பு யாரோ சுற்றியிருந்த பிளாஸ்டிக் நாடா நைந்து உரிந்து, வெறும் இரும்பு தெரிந்தது. வெயிலில் சுட்டது, வியர்வையில் வழுக்கியது. சின்னான் சாதா சைக்கிளுக்குப் போடும் ரப்பர் பிடியை மாட்டிப் பார்த்தான். அது வளைந்து இறங்கும் நுனியில் மட்டும் ஏறியது. ஒச்சம்மாள் கை வைப்பது மேலே, வளைவு தொடங்கும் இடத்தில். "கீழ குனிஞ்சு புடிங்க, ரேஸ்காரங்க அப்பிடித்தான் புடிப்பாங்க" என்றான். "நான் ரேஸுக்கா போறேன்? வேலைக்குப் போறேன்" என்று ரப்பரைக் கழற்றி அவனிடமே கொடுத்தாள்.

திருப்பூரில் துணிக்கு யாரும் யோசிப்பதில்லை. தலையணைக்குள் பனியன் வேஸ்ட், அடுப்படியில் பனியன் வேஸ்ட், கொடி கட்டுவது, வண்டி துடைப்பது, வாசல் மிதியடி எல்லாம் பனியன் வேஸ்ட். ஒச்சம்மாளும் யோசிக்கவில்லை. கட்டிங் பிரிவில் கிடந்த அரக்குச் சிவப்பு ரிப் துணியில் நீள நீளமாக நாலைந்து துண்டு கேட்டு வாங்கிவந்தாள். சட்டைக் கழுத்துக்கும் கைக்கும் வைக்கிற துணி, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும். ஹேண்டில்பாரில் இழுத்துச் சுற்றினாள். பார்க்க லட்சணமாக இருந்தது. கைக்கு மெத்தென்று இருந்தது. வியர்வையையும் குடித்தது. அந்தத் துணி நல்லபடியாக இருந்தால் ஏன் வேஸ்ட் மூட்டைக்குப் போயிருக்கும் என்று, தினமும் துணியின் குறையைத் தேடுவதையே வேலையாகச் செய்கிறவளுக்குத் தோன்றவில்லை. சாயம் நிற்கவில்லை என்று தள்ளிய லாட் அது. கம்பெனித் துணி என்பதாலேயே அதை நம்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து ஒரு வெள்ளை லாட் வந்தது. குழந்தைகளுக்கான சட்டை, பால் மாதிரி வெள்ளை. பேக்கிங்குக்குப் போன பிறகு சில சட்டைகளில் தோள் பக்கம் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு தீற்றல் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். முதலில் அயர்ன்காரரைத் திட்டினார்கள். அவர் தன் மேசை விரிப்பை உருவிக் கொண்டுவந்து பழனிமுத்துவின் முன்னால் விரித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. பிறகு யாரோ ஸ்டிக்கரைப் பார்த்தார்கள். கறை இருந்த சட்டை எல்லாவற்றிலும் ஒரே நம்பர்.

பழனிமுத்து செக்கிங் மேசைக்கு வந்தார்.

"ஒச்சம்மா, கையக் காட்டுங்க."

காட்டினாள். உள்ளங்கையின் ரேகை எல்லாம் சிவந்திருந்தது.

"இதென்னங்க, மருதாணி வெச்சிருக்கறீங்களா?"

"இல்லண்ணே. சைக்கிளு."

"சைக்கிளுக்கு மருதாணி வெச்சீங்களா?"

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆஷாவும் சிரித்தாள். ஒச்சம்மாளுக்கு முகம் எரிந்தது. ஆனாலும் கையை மடக்கவில்லை. துணி எங்கே எடுத்தது, எதில் சுற்றியது என்பதைச் சொன்னாள்.

"நீங்கெல்லாம் சோறுதானுங்க திங்கறீங்க?" என்றார் அவர். அந்த 'ங்க'வில் மரியாதை எதுவும் இல்லை என்பதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவள் இப்போது தேறியிருந்தாள். "நாளையிலிருந்து அந்தச் சைக்கிளைக் கொண்டாராதீங்க. வேன்ல வாங்க, எல்லார்த்துக்கூடவும் போங்க. இன்னிக்கு நின்னு இத்தனையும் கறை எடுத்துக் குடுத்துட்டுத்தான் போகோணும்."

"தப்பு எந் தப்புதான். கறைய நானே எடுக்குறேன். ஆனா நாளைக்குக் காலையில எடுக்குறேன். ஏழு மணிக்கே வந்துருவேன்."

"ஏழு மணிக்கு வேன் வராதுங்களே."

"வேன் வராது. சைக்கிளு வரும்."

பழனிமுத்து கறைச் சட்டைகளை அவள் மேசையிலேயே போட்டுவிட்டுப் போனார். சுற்றி இருந்தவர்கள் குனிந்து நூல் வெட்டினார்கள்.

மறுநாள் ஏழு மணிக்கு அவள் வந்தாள். கறை எடுக்கும் ஸ்ப்ரே கன்னைப் பிடித்து, தீற்றல் மேல் மருந்தடித்து, ஒவ்வொன்றாக வெளுக்க வைத்தாள். மூக்கு எரிந்தது, கண் வழிந்தது. மத்தியானத்துக்குள் முடித்துக் கொடுத்தாள். பழனிமுத்து அதோடு விட்டுவிடவில்லை. "அடுத்த மாசம் இதே பையருக்கு இன்னொரு வெள்ளை லாட் வருதுங்க. அதுல உங்க நம்பர்ல ஒரு மார்க் இருந்தாலும் சைக்கிள் கேட்டுக்குள்ள வராது. வாட்ச்மேன்கிட்டச் சொல்லிப்போடுவேன்" என்றார்.

ஆகவே இனி அது கைக்கு மெத்தென்று இருக்கிறதா என்ற விஷயம் இல்லை. ஹேண்டில்பாரில் எதைச் சுற்றுகிறாள் என்பதைப் பொறுத்துத்தான் அவளுடைய சாயங்காலங்கள் இருந்தன.

முதலில் எலெக்ட்ரீசியன் சுற்றுகிற கறுப்பு டேப்பைச் சுற்றினாள். பங்குனி வெயிலில் அதன் கோந்து இளகி ஓரத்தில் பிதுங்கியது. கையில் ஒட்டிய பசையில் பஞ்சுத் தூசி படிந்து, உள்ளங்கை முளைப்பாரி மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கே பிய்த்து எறிந்துவிட்டு, மண்ணெண்ணெய் போட்டு ஹேண்டில்பாரைத் துடைத்தாள்.

அந்த ஞாயிறு காதர்பேட்டைக்குப் போனாள். ஏற்றுமதியில் மிஞ்சியதும் தள்ளியதும் வந்து குவியும் இடம். அங்கே தமீம் என்பவரின் கடையில் நாடா, எலாஸ்டிக், பட்டன் மட்டும்தான். சட்டையின் பின்கழுத்துத் தையலை மூடி உள்ளே வைத்துத் தைக்கிற ட்வில் டேப் கூரை வரை உருளை உருளையாக அடுக்கியிருந்தது.

"வாங்கக்கா. கழுத்துக்குங்களா, தோளுக்குங்களா?"

"கைக்கு."

"ஸ்லீவுக்குங்களா? அப்ப அரை இஞ்ச் போதுங்க."

"ஸ்லீவுக்கு இல்ல. சைக்கிளுக்கு."

தமீம் உருளையைக் கீழே வைத்தார். "சைக்கிளுக்கு டேப் வாங்க வந்த முதல் கஸ்டமர் நீங்கதாங்க்கா. உக்காருங்க."

கறுப்பை எடுத்துக் காட்டினார். அழுக்குத் தெரியாது என்றார். ஒச்சம்மாள் கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தேய்த்தாள். விரல் சாம்பலாக வந்தது. கருநீலத்தை எடுத்தார். அதுவும் இறங்கியது. பச்சை கொஞ்சம் பிடிவாதமாக இருந்தது. அவளும் விடாமல் தேய்த்ததில் அதுவும் ஒப்புக்கொண்டது.

"அக்கா, எல்லாம் எக்ஸ்போர்ட் டேப்புங்க. லேப்ல பாஸ் ஆனது."

"லேப்புல பாஸானது ஒங்க கடைக்கு எதுக்கு வந்துச்சு?"

தமீம் சத்தமாகச் சிரித்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், யாவாரமா, சண்டையா?" என்று கேட்டார். "பரீட்சைங்க. மூணு பேரு ஃபெயிலு" என்றார் தமீம்.

"வெள்ளை குடுங்க" என்றாள் ஒச்சம்மாள்.

"வெள்ளையா? ரோட்டுத் தூசிக்கு ஒரு வாரம் தாங்காதுங்க்கா."

"தாங்க வேணாம். தொவைச்சுக்கிறேன்."

சாயமே போடாத பருத்தி, ஒரு இஞ்சு அகலம், நெருக்கமான சாய்வு நெசவு. நனைத்து, தேய்த்து, கசக்கி எல்லாம் பார்த்தாள். விரலில் எதுவும் வரவில்லை. இரண்டு கைக்கும் போதுமான அளவு, துவைக்கும்போது மாற்றிக்கொள்ள இன்னொரு ஜோடி, வாங்கிக்கொண்டாள். தமீம், "புடிக்கலைன்னா திருப்பிக் கொண்டாராதீங்க, எச்சி பட்ட டேப்பை யாரு வாங்குவா" என்று சொல்லி அனுப்பினார்.

சின்னான் அதை நடுவிலிருந்து தொடங்கி நுனிப் பக்கமாகச் சுற்றிக் கொடுத்தான். மறுநாளே கை பட்டுப் பட்டு ஒவ்வொரு மடிப்பின் ஓரமும் எழும்பியது. ஒச்சம்மாள் பிரித்துவிட்டு, சாயம் காணாத கோராத் துணியை அடியில் மெத்தைக்கு வைத்து, நுனியில் தொடங்கி மேல் நோக்கிச் சுற்றினாள். பாதி மேல் பாதி ஏற, இழுத்து இழுத்துச் சுற்றிய பிறகு மடிப்பு கையோடு ஒத்துப் படுத்துக்கொண்டது. கோந்து கிடையாது. முடியும் இடத்தில் ஊசி நூலால் நெருக்கமாகத் தைத்துவிட்டாள்.

கம்பெனியில் அதைப் பார்த்த ஆஷா தலையில் கை வைத்தாள். "வெள்ளையாக்கா? நாலு நாள்ல சாணித் துணி மாரி ஆயிருமே. கறுப்பு வாங்கக் கூடாதா?"

"கறுப்புல இருக்குற அழுக்கு எங் கைக்கு வந்த பெறகுதான் தெரியும். இதுல நாடாவுலயே தெரிஞ்சுரும். தெரிஞ்சா கழத்தித் தொவைப்பேன்."

வெள்ளை லாட் வந்தது. பழனிமுத்து தினமும் காலையில் மேசைக்கு வந்து, எல்லோர் முன்னாலும், "ஒச்சம்மா, கையக் காட்டுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பது மாதிரி. அவள் சைக்கிளை நிறுத்தியதும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாள். கையை நீட்டுவாள், அவர் பார்த்துவிட்டுப் போவார். நாலைந்து நாள் பொறுத்தாள். அடுத்த நாள் அவர் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

"பாத்துக்கங்கண்ணே. பாத்தாச்சா? அப்ப இனி எல்லாரு கையையும் பாருங்க."

"அவுங்க கைக்கு என்னங்க?"

"வேனுல உக்காரவா எடமிருக்கு? பாதிப் பேரு மேல கம்பியப் புடிச்சுத் தொங்கிட்டு வாராக. அந்தக் கம்பியில பெயிண்ட்டு உதிந்து எத்தன வருசமாச்சுன்னு டிரைவரக் கேளுங்க."

பழனிமுத்து பக்கத்தில் இருந்த கையைத் திருப்பிப் பார்த்தார். அது ஆஷாவின் கை. விரல்களின் அடியில் வரிசையாகப் பழுப்பாகத் துரு ஏறியிருந்தது. அடுத்த கையிலும் இருந்தது. அதற்கடுத்த கையிலும். அன்று மத்தியானம் செக்கிங் வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வந்தன. வெள்ளை லாட் இருக்கும்வரை யாராக இருந்தாலும் கழுவிவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்றாயிற்று. கை காட்டும் சடங்கு அத்தோடு நின்றது.

ஆனால் ஆஷாவுக்கு ஆறவில்லை.

"என்னைய எதுக்குக்கா இழுத்து விட்டிய? நான் ஒங்களுக்கு என்ன செஞ்சேன்?"

"ஒன்னைய ஒண்ணும் சொல்லலடி. வேனச் சொன்னேன்."

"வேனுக்குக் கையா இருக்கு? அவரு பாத்தது என் கையத்தான?"

ஆஷா தன் கட்டரையும் ஸ்டிக்கர் தாளையும் எடுத்துக்கொண்டு கடைசி மேசைக்குப் போய்விட்டாள். அது ஒச்சம்மாளை வருத்தத்தான் செய்தது. ஆனால் சொன்னதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை.

லாட் முடிகிற நாள். அவளுடைய நம்பரில் ஒரு கறையும் வரவில்லை. ஐந்தரைக்கு சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தபோது கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னாலேயே பழனிமுத்து வந்தார்.

"இன்னிக்கு ஷிப்மென்டுங்க. முடியற வரைக்கும் கேட் தெறக்காது. எல்லாருக்கும்தான்."

"நீங்க மார்க் இருந்தா சைக்கிளு வரக்கூடாதுன்னீக. மார்க் இருக்கா?"

"அது வேறைங்க. இது வேற."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கை சுத்தமா இருக்கு. துணி சுத்தமாப் போயிருக்கு. ஷிப்ட் முடிஞ்சிருச்சு. கேட்டத் தெறக்கச் சொல்லுங்க."

"இப்பிடியே பண்ணீங்கன்னா வேற கம்பெனிதான் பாக்கோணும்."

"பாத்துட்டுத்தான் வாரேன். இந்த ரோட்டுல 'ஆட்கள் தேவை'ன்னு போர்டு தொங்காத கேட்டு ஒண்ணு காட்டுங்க. ஒங்க கேட்டுலயும்தான் தொங்குது. ஆனா நான் வேற எங்கயும் போகல. இங்கதான் வேலை பாப்பேன். அஞ்சரைக்குத்தான் போவேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தத் தெரியாதவள். வெள்ளை நாடாவின் மேல் இரண்டு கையையும் வைத்து, முன் சக்கரம் கேட்டைத் தொட நின்றுகொண்டாள். மாடி ஜன்னலில் தையல் ஆட்கள் முகம் முகமாகச் சேர்ந்தார்கள். மிஷின் சத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்தது. உள்ளே வேலை நிற்கிறது என்பது பழனிமுத்துவுக்கு அப்போதுதான் உறைத்தது. மேலே பார்த்தார், கையை ஓங்கி, "போங்க, போயி வேலையப் பாருங்க" என்றார். யாரும் நகரவில்லை. சட்டையின் கைமடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு வாட்ச்மேன் பக்கம் திரும்பினார்.

"தெறந்து உடுங்க. ஒரு ஆளுக்காக இங்க கூத்து நடத்த முடியாது."

கேட் திறந்தது. சைக்கிள் வெளியே போகும்வரைதான் திறந்திருந்தது, உடனே மூடிவிட்டார்கள். அவள் பின்னால் ஒருவரும் வரவில்லை. ரோட்டில் கொஞ்ச தூரம் போன பிறகு ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, சாப்பாட்டுப் பையில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவளுக்குக் கறுப்பு லாட் கொடுத்தார்கள். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் தேடுவது கண்ணுக்குத் தண்டனை. அது முடிந்ததும் இன்னொரு கறுப்பு லாட். அந்த வருஷம் முழுக்க அவளுக்கு வந்ததெல்லாம் கறுப்பும் கருநீலமும்தான். கண்ணைக் கழுவிக் கழுவிப் பார்த்தாள். ஐந்தரைக்குப் போனாள். கேட்டை யாரும் மறுபடி அவள் முன்னால் பூட்டவில்லை.

இப்போது இரண்டாயிரத்து ஒன்பது. பழனிமுத்து அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனிக்கு மேனேஜராகப் போய்விட்டார். ஆஷா அவளோடு மறுபடியும் பேசுகிறாள். ஆனால் கடைசி மேசையில்தான் உட்காருகிறாள், வேனில்தான் வருகிறாள். வேனின் கம்பிக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். மற்ற பெண்கள் யாரும் சைக்கிள் வாங்கவில்லை. ஒச்சம்மாளுக்கு வலது கண் மங்கி, கண்ணாடி வந்திருக்கிறது. சம்பளம் இன்னமும் மற்றவர்களைவிடக் குறைவு. அவள் அதே கம்பெனியில் செக்கிங் பார்க்கிறாள். ஒரு ஷிப்ட் மட்டும் பார்க்கிறாள். சைக்கிளில் போய் வருகிறாள்.